அவுட்லாஸ்ட் 2: வால்வு திருப்பும் வேலை போன பிறகு

கேள்வி இதுதான்: "அவுட்லாஸ்ட் என்கிற ஹாரர் கேமின் முதல் பாகத்தை, விஸில்ப்ளோயர் என்கிற கூடுதல் அத்தியாயத்தோடு சேர்த்து முடித்துவிட்டேன். ரொம்பப் பிடித்தது. இரண்டாம் பாகம் இப்போது தள்ளுபடியில் இருக்கிறது. விசாரித்த நாலு பேரில் இரண்டு பேர் 'முதல் பாகத்தைவிடப் பயங்கரம்' என்கிறார்கள். மற்ற இரண்டு பேர் 'பாதியிலேயே அழித்துவிட்டேன்' என்கிறார்கள். ஒரே கேமைப் பற்றித்தான் பேசுகிறார்களா? வாங்கலாமா?"

ஒரே கேமைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாலு பேரும் பொய் சொல்லவில்லை. நானே இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். 2017 ஏப்ரலில் வெளிவந்த புதிதில் விளையாடியபோது பாதியில் எரிச்சலாகி ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது இரண்டே ராத்திரியில் முடித்தேன். நடுவில் கேமும் கொஞ்சம் மாறியிருந்தது, என் எதிர்பார்ப்பும் மாறியிருந்தது. கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் கதை பற்றிய பகுதி வரும்போது தாண்டிப் போய்விடுங்கள், அங்கே திரும்பவும் சொல்கிறேன்.

முதலில் முதல் பாகம் ஏன் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். மாண்ட்ரியலில் 2011-ல் தொடங்கப்பட்ட சின்ன ஸ்டூடியோ ரெட் பேரல்ஸ். பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் ஆரம்பித்தது. 2013 செப்டம்பரில் அவுட்லாஸ்ட் வந்தது. கொலராடோ மலையில் ஒரு மனநலக் காப்பகம், உள்ளே நுழையும் பத்திரிகையாளர் மைல்ஸ் அப்ஷர், கையில் ஒரு வீடியோ கேமரா. துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, ஒரு கட்டைகூடக் கிடையாது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். இது அவர்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2010-ல் வந்த அம்னீஷியா: த டார்க் டிசென்ட் ஏற்கெனவே இதைச் செய்து காட்டியிருந்தது. அவுட்லாஸ்ட் கூடுதலாகக் கொண்டுவந்தது அந்தக் கேமராவைத்தான். இருட்டில் பார்க்க நைட் விஷன் வேண்டும், நைட் விஷனுக்கு பேட்டரி வேண்டும், பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கேமில் நாம் உண்மையில் என்ன செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில் மின்சாரம் வர இரண்டு பம்ப்பை ஓடவிட்டு ஸ்விட்சைப் போட வேண்டும். சாக்கடையில் தண்ணீர் வடிய இரண்டு வால்வைத் திருப்ப வேண்டும். அப்புறம் ஃப்யூஸ் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வடிவம்தான்: ஒரு மூடிய இடம், அதில் சுற்றித் திரியும் ஒருவன், வெவ்வேறு மூலையில் இரண்டு மூன்று வேலைகள். 2013-ல் விமர்சகர்கள் பலர் இதைத்தான் குறை சொன்னார்கள். "எத்தனை தடவைதான் வால்வு திருப்புவது" என்று. குறை நியாயமானதுதான், சலிப்பாக இருந்தது உண்மை.

ஆனால் அந்தச் சலிப்பான வேலைக்குள்தான் பயம் இருந்தது. முதல் இரண்டு நிமிடம் ஒரு லாக்கருக்குள் நின்று அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று எண்ணுவோம். இடம் மெல்ல மனதில் பதியும்: இங்கே கட்டில், அங்கே கதவு, அந்த மூலையில் வழி அடைத்திருக்கிறது. பிறகு ஒரு வால்வை நோக்கி நகர்வோம். திருப்பும்போது சத்தம் கேட்கும். கை ஸ்டிக்கில் இருக்கும், காது பின்னால் இருக்கும். பிடிபடுவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஸ்டெல்த் ஹாரரின், அதாவது ஒளிந்து தப்பிக்கும் பயக் கேமின், சரக்கு. கண்ணாமூச்சி விளையாடும்போது கட்டிலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்போமே, அந்த நேரம். தேடுகிறவன் கண்டுபிடித்து "அவுட்" என்று கத்திய பிறகு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாம் பாகம் இந்த வால்வு புகாரைக் காதில் வாங்கிக்கொண்டு செய்த கேம் மாதிரி இருக்கிறது. கட்டடம் போய் வெட்டவெளி வந்தது. அரிசோனா மாநிலத்தின் சூப்பாய் பக்கத்துப் பாலைவனம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மர்மமான கொலையைத் துப்புத் துலக்க ஹெலிகாப்டரில் போகிறார்கள் பத்திரிகையாளர் லின் லாங்கர்மனும், அவள் கணவனும் கேமராமேனுமான பிளேக்கும். ஹெலிகாப்டர் விழுகிறது. லின்னைக் காணவில்லை. பிளேக் தேடிப் போகும் ஊர் டெம்பிள் கேட். சல்லிவன் நோத் என்கிற போதகனின் கட்டுப்பாட்டில் உலகத்தோடு தொடர்பில்லாமல் வாழும் ஒரு மதக் கூட்டம். லின் வயிற்றில் அந்திக்கிறிஸ்து இருக்கிறான் என்று அவர்கள் நம்புகிறார்கள். எதிர்க்கோஷ்டி ஒன்று அந்தப் பிள்ளை பிறந்தே ஆக வேண்டும் என்று அலைகிறது. 1978-ல் கயானாவில் ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன சம்பவம்தான் இதற்கு ஒரு தூண்டுதல் என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இடம் மாறியதோடு அமைப்பும் மாறியது. பம்ப், ஃப்யூஸ், வால்வு எல்லாம் கிட்டத்தட்டப் போயிற்று. அதற்குப் பதில் முன்னே போவது. ஊரைக் கடந்து வயல், வயலைக் கடந்து காடு, காட்டைக் கடந்து ஏரி, பிறகு சுரங்கம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இது முன்னேற்றம்தான். முதல் ஒரு மணி நேரம் விளையாடும்போதும் அப்படித்தான் தோன்றும். குறிப்பாக அந்தச் சோளக் காடு. கையில் விளக்கோடு ஆட்கள் தேடுகிறார்கள், நாம் சோளத் தட்டைகளுக்கு நடுவே தவழ்கிறோம், வெளிச்சம் தலைக்கு மேலே போகிறது. புதிதாகக் கேமராவில் ஒரு மைக் வேறு கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் காலடிச் சத்தம் என்று சுவருக்கு அப்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதுவும் பேட்டரியைத் தின்னும். பார்ப்பதா கேட்பதா என்று பேட்டரியைப் பங்கு போட வேண்டிய நிலை. அருமையான யோசனை. அந்த வயலில் நான் கேட்டதெல்லாம் என் மூச்சா பிளேக்கின் மூச்சா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மார்த்தா வருகிறாள். நெட்டையான கிழவி, சிலுவை மாதிரியான ஒரு பெரிய கோடரியோடு. அவளிடம் மாட்டினால் ஒரே அடி. திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் பிரியும் இடம் கிட்டத்தட்ட இதுதான்.

துரத்தல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அவள் வருகிறாள், நீங்கள் ஓடுகிறீர்கள். எங்கே ஓடுவது? தெரியாது. இது நீங்கள் இதற்கு முன் நடந்து பார்த்த இடம் இல்லை. இருட்டு. நைட் விஷன் போட்டால் கிட்டத்தில் இருப்பது பச்சையாகத் தெரியும், கொஞ்சம் தள்ளி எல்லாம் கறுப்பு. காப்பகத்தின் தாழ்வாரத்தில் இந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் தாழ்வாரத்துக்கு இரண்டு முனைதான். வெட்டவெளியில் எல்லாத் திசையும் வழி மாதிரியே தெரியும், அதில் ஒன்றுதான் வழி. மிச்சமெல்லாம் பூட்டிய கதவு, ஏற முடியாத வேலி. தப்பான கதவைத் தள்ளிப் பார்க்கும் அந்த இரண்டு நொடியில் கோடரி இறங்கிவிடும். செக்பாயிண்டிலிருந்து மறுபடி.

முதல் சாவு பயம். இரண்டாவது சாவில் அதிர்ச்சி போய்விடும். நாலாவது தடவை அந்தக் கிழவி உங்களுக்கு ஒரு டிராஃபிக் சிக்னல். "சரி, இடப்பக்கம் இல்லை, அப்போ வலப்பக்கம் அந்த ஜன்னலா?" என்று பாதையைச் சோதித்துப் பார்க்கும் வேலையாக மாறிவிடும். அதே சாவுக் காட்சியை அஞ்சாவது முறை பார்க்கும்போது அவள் முகத்தை ரசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். பயப்பட வேண்டிய மூளை கணக்குப் போடும் மூளையாகிவிடுகிறது. "பாதியில் அழித்துவிட்டேன்" என்றவர்களுக்கு நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். பயந்து ஓடியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம், பெரும்பாலோர் எரிச்சலில் போனவர்கள்.

முதல் பாகத்தில் காப்பகத்துக்குள் நம்மைத் துரத்தும் ராட்சத உருவம் கிரிஸ் வாக்கரை நினைவிருக்கிறதா? அவனிடம் மாட்டினால் சாதாரண நிலையில் முதலில் தூக்கி எறிவான். எழுந்து நொண்டிக்கொண்டே ஓட ஒரு வாய்ப்பு இருக்கும். அந்த இரண்டாவது வாய்ப்பு கருணை மாதிரித் தெரியும். உண்மையில் அது பயத்தை நீட்டிக்கும் தந்திரம். மார்த்தாவிடம் அது இல்லை. ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது: பீப்பாய், கட்டிலடி, தண்ணீருக்குள் மூச்சடக்கி முங்குவது, உயரமான புல். ஆனால் துரத்தல் தொடங்கும்போதே நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்றால் பீப்பாய்க்குள் போய் என்ன பயன்? ஒளியக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓட்டப்பந்தயம் வைத்த மாதிரி.

சரி, எதிர்த் தரப்பு. அவர்கள் சொல்வதும் வெறும் ரசிகர் வாதம் இல்லை.

அவர்கள் பார்வையில் முதல் பாகம் ஒரு கட்டத்துக்கு மேல் பாதுகாப்பானது. லாக்கர் எங்கே என்று தெரிந்துவிட்டால், ஆள் எந்தத் தடத்தில் நடக்கிறான் என்று புரிந்துவிட்டால், நாம்தான் எஜமான். இரண்டாம் பாகம் அந்த எஜமான் இடத்தைக் கடைசிவரை தரவே இல்லை. வழி தெரியாமல், கண்ணாடி போட்ட ஒரு மனிதன், பெண்டாட்டி பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடுகிறான். அவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும். ஒருவர் எதேச்சையாகச் சரியான பக்கம் ஓடி, முதல் முயற்சியிலேயே ஒவ்வொரு துரத்தலையும் தாண்டிவிட்டால், அதைப்போல ஒரு அனுபவம் வேறு கேமில் இல்லை. இதுவும் உண்மை. என் நண்பர் ஒருவர் மார்த்தாவிடம் மொத்தம் ஒரே ஒரு முறைதான் செத்தார். அவருக்கு இது தலைசிறந்த ஹாரர் கேம். நான் அந்த இடத்தில் பதினொரு முறை செத்தேன். நாங்கள் இருவரும் விளையாடியது வேறு வேறு கேம் என்றே சொல்லலாம். இப்படி அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஒரு கேம் இரண்டாகப் பிளப்பது வடிவமைப்பின் குறை என்பது என் கட்சி. பார்க்கிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் யூடியூபில் மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தே பரவிய கேம். இரண்டாம் பாகத்தின் துரத்தல்களைப் பதினைந்து நிமிட வீடியோவாக, சாவுகளை வெட்டிவிட்டுப் பார்த்தால் சினிமா மாதிரி இருக்கும். வெட்டப்பட்ட அந்தச் சாவுகளோடுதான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

புகழ்கிறவர்கள் பக்கம் நான் மறுப்பே இல்லாமல் சேர்ந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடம். டெம்பிள் கேட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேக் திடீரென்று தான் சின்ன வயதில் படித்த கத்தோலிக்கப் பள்ளியின் தாழ்வாரத்தில் நிற்பான். ராத்திரி, ஆளில்லை, குழல்விளக்கு, வரிசையாக லாக்கர்கள். ஜெசிகா என்கிற சிநேகிதியின் குரல். அங்கே கிராமத்தில் இருக்கும் அளவுக்கு ரத்தம் கிடையாது, கோடரியும் இல்லை. ஆனால் கிராமத்தில் வந்ததைவிட எனக்கு வியர்த்தது இங்கேதான். காரணம் எளிது: மூடிய இடம், தெரிந்த வடிவம், மெதுவான நடை, எந்தக் கதவு திறக்கும் என்ற சந்தேகம். முதல் பாகத்திலிருந்து எடுத்துக் கடாசிய எல்லாமே பள்ளிக்கூடத்துக்குள் ஒளிந்திருந்தது. வேகத்தைக் கெடுக்கிறது என்று இந்தப் பகுதியைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் பாகத்துக்கு இசையமைத்த சாமுவேல் லாஃப்லாம்தான் இதற்கும். தந்திக் கருவியைக் கீறுவது மாதிரி, இரும்பை இழுப்பது மாதிரி ஒலிகள். ஹெட்ஃபோன் இல்லாமல் விளையாடினால் பாதி கேம் போச்சு.

இனி கதை. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

முதல் பாகத்தின் கடைசியில் மர்க்காஃப் என்கிற நிறுவனம், நுண்ணிய நானோ இயந்திரங்கள், அவற்றால் ஆன பேய் மாதிரியான வால்ரைடர் என்று எல்லாவற்றையும் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து விளக்குவார். அப்போது ஒரு கூட்டம் "பேய்க்கதையை அறிவியல் பாடமாக்கிவிட்டார்கள்" என்று முணுமுணுத்தது. இரண்டாம் பாகம் இந்தப் புகாருக்கும் பதில் சொல்லியிருக்கிறது, நேர் எதிர்த்திசையில் போய். எதையுமே விளக்கவில்லை. வானத்தில் அவ்வப்போது கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், அதைத் தொடர்ந்து பிளேக்கின் பிரமைகள். லின்னுக்குப் பிள்ளை பிறக்கிறது, அவள் சாகிறாள், சாகும்போது அங்கே ஒன்றுமே இல்லை என்கிறாள். விடிகிறது. கையில் பிள்ளையோடு பிளேக். தன் ஜனங்களை எல்லாம் கொன்றுவிட்ட நோத், பிள்ளையைக் கொன்றுவிடு என்று சொல்லிவிட்டுத் தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். சூரியன் பெரிதாகிக்கொண்டே போகிறது. முடிந்தது.

அந்த வெளிச்சம் மர்க்காஃபின் கோபுரங்களிலிருந்து வருகிறது, ஊரே அவர்களின் சோதனைக்கூடம் என்பதற்கான துப்பு கேமுக்குள் இருக்கிறது. ஆனால் அது தவறவிடச் சுலபமான ஒரு ஆவணத்தில் இருக்கிறது. துரத்தலுக்கு நடுவே நின்று கேமராவில் பதிவு செய்து படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மிச்சத்தை 'த மர்க்காஃப் அக்கவுன்ட்' என்ற காமிக்ஸ் தொடரில் போட்டார்கள். அதாவது முதல் பாகத்தை விரும்பியவர்கள் "மர்க்காஃப் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு கேம் முழுக்க ஓடினார்கள், பதில் காலடியில் கிடந்த காகிதத்தில் இருந்தது. என்னைக் கேட்டால், முடிவை மூடி வைத்தது தப்பில்லை. ஓடு ஓடு என்று விரட்டும் ஒரு கேமில், நின்று படித்தால்தான் கதை புரியும் என்று வைத்ததுதான் தப்பு. காலுக்கு ஒரு கட்டளை, கண்ணுக்கு இன்னொன்று.

ஜெசிகாவின் கதையில் அந்தக் குழப்பம் இல்லை. தற்கொலை என்று எல்லோரும் நம்பிய ஒரு சிறுமியின் மரணம், அதற்குக் காரணமான ஒரு பாதிரியார்-ஆசிரியர், பார்த்தும் வாய் திறக்காத ஒரு பையன். பிளேக் பதிவு செய்த காட்சிகளைக் கேமராவில் திரும்ப ஓட்டிப் பார்த்தால் அவன் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்கும். அதை யாரும் கேட்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள், ஆனால் கேளுங்கள். வெளியே கோடரியோடு திரியும் மதவெறியும், உள்ளே வெள்ளைச் சட்டையோடு நடக்கும் மதமும் ஒன்றுதான் என்று கேம் சொல்ல வருவது அங்கேதான் தெளிவாகக் கேட்கும். அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். கூடவே, குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய விஷயம் என்பதால் சிலருக்கு விளையாடவே முடியாமல் போகலாம். அது கோழைத்தனம் இல்லை.

வன்முறை என்றதும் இன்னொன்று. 2017 மார்ச்சில் ஆஸ்திரேலிய தணிக்கைக் குழு இதற்குச் சான்று தர மறுத்தது, பாலியல் வன்முறையைக் காட்டுவதாகச் சொல்லி. பிறகு மறுபடி சமர்ப்பித்து, வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றோடு வெளியிட்டார்கள். இந்தச் செய்தியே கேமுக்கு இலவச விளம்பரம் ஆயிற்று. உள்ளே போனால் உண்மையிலேயே ரத்தம் அதிகம்தான். ஒரு அளவுக்கு மேல் அது மரத்துப்போகிறது. முதல் பிணக்குழியைப் பார்த்து முகத்தைத் திருப்பினேன், ஏழாவதைத் தாண்டும்போது பேட்டரி கிடக்கிறதா என்று பார்த்தேன். விதிவிலக்காக ஒரு காட்சி: பிளேக்கின் உள்ளங்கைகளில் ஆணி அடித்துச் சிலுவையில் தொங்கவிடுவார்கள், அவனே பிய்த்துக்கொண்டு விழ வேண்டும். அதன்பின் கேம் முடியும்வரை அந்தக் கைகள் நம் கண் முன்னேயே இருக்கும். நூறு பிணத்தைவிட அந்த இரண்டு ஓட்டை பெரிது.

எதிர்பார்ப்பின் கதையும் கொஞ்சம் உண்டு. 2016 இலையுதிர் காலத்தில் வருவதாக இருந்த கேம் தள்ளிப்போய் 2017 ஏப்ரல் 25 ஆயிற்று. அதற்கு முன் 2016 அக்டோபரில் ஒரு இலவச டெமோ விட்டு, ஹாலோவீன் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். அந்த டெமோ கச்சிதமான துண்டு. முழு கேமும் அப்படியே இருக்கும் என்று நம்ப வைத்தது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால், பயத்தில் நனைத்துக்கொள்ளாமல் இருக்கப் பெரியவர்களுக்கான டயப்பர் விற்கப்போவதாகக் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு விளையாட்டு விளம்பரம் வேறு. டயப்பர் விற்கிற கேம் நம்மைப் பயமுறுத்தாவிட்டால் அவமானம் அல்லவா? போதாததற்கு அந்த ஜனவரியில்தான் ரெசிடென்ட் ஈவில் 7 வந்திருந்தது. அதுவும் காணாமல் போன மனைவியைத் தேடி நாட்டுப்புறத்துக்குப் போகும் கணவன், அதுவும் நம் கண் பார்வையிலேயே நடப்பது. ஆனால் அதில் ஒரு வீடு இருந்தது. சுற்றிச் சுற்றி வந்து மனப்பாடம் ஆகும் ஒரு வீடு. மூன்று மாதத்தில் இரண்டையும் விளையாடியவர்கள் ஒப்பிடாமல் எப்படி இருப்பார்கள்?

இதே கதி வேறொரு இரண்டாம் பாகத்துக்கும் நேர்ந்திருக்கிறது. 2013 செப்டம்பரில், முதல் அவுட்லாஸ்ட் வந்த அதே மாதத்தில், அம்னீஷியா: எ மெஷின் ஃபார் பிக்ஸ் வந்தது. மூல கேமைச் செய்த ஃப்ரிக்‌ஷனல் இல்லாமல், த சைனீஸ் ரூம் என்கிற வேறு ஸ்டூடியோ செய்தது. விளக்கு எண்ணெய் தீரும் தொல்லை, மனநிலை குலையும் கணக்கு, சாமான் பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எழுத்தும் இசையும் மூலத்தைவிட மேல் என்பேன். ஆனால் எண்ணெய் தீராத விளக்கோடு இருட்டில் நடக்கும்போது இருட்டு வெறும் வண்ணம் ஆகிவிடுகிறது. தொல்லை என்று நினைத்து எடுத்ததுதான் தூணாக இருந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்ப இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். ஏனென்றால் விளையாடுகிறவர்களிடம் கேட்டால் அவர்கள் தொல்லையைத்தான் சொல்வார்கள். எது தன்னைப் பயமுறுத்தியது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

ரெட் பேரல்ஸ் தங்கள் பங்குக்கு ஒன்று செய்தார்கள். 2018 மார்ச்சில் ஒரு பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் புதுப்பிப்பு, வந்தது. கடினத்தைக் கொஞ்சம் சமன் செய்து, ஸ்டோரி மோட் என்று ஒரு புது நிலையையும் சேர்த்தார்கள். எதிரிகள் குறைவு, அடியும் குறைவு. சில மாதம் முன்பு, 2017 டிசம்பரில், ஃப்ரிக்‌ஷனல் தன் சோமா கேமில் அரக்கர்கள் நம்மைக் கொல்லாத சேஃப் மோடைக் கொண்டுவந்திருந்தது. இரண்டும் ஒரே விஷயத்தின் ஒப்புதல் வாக்குமூலம்: கதையைப் பார்க்க வந்தவர்களை எங்கள் துரத்தல் விரட்டியடித்துவிட்டது. நான் இரண்டாம் முறை முடித்தது இந்தப் பேட்சுக்குப் பிறகுதான். சாவு குறைந்ததும் பயம் கூடியது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அதுதானே நடக்க வேண்டும்?

இன்னொரு சின்ன விஷயம். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இந்தக் கேமுக்கு விரல் மேலே நிறையவே இருக்கும், அதைப் பார்த்து "எங்கே கலவையான வரவேற்பு?" என்று நினைக்காதீர்கள். அங்கே பரிந்துரைப்பேன், மாட்டேன் என்று இரண்டே பொத்தான். "பிரமாதம், ஆனால் மானிட்டரை உடைக்கத் தோன்றியது" என்பதற்குப் பொத்தான் இல்லை. அந்த ஆள் பெரும்பாலும் விரலை மேலேதான் காட்டுவார். கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் கோபம் தெரியும்.

கடைசியில் ஸ்டூடியோ எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டால், அடுத்த கேமைப் பாருங்கள். த அவுட்லாஸ்ட் டிரையல்ஸ், 2023 மே மாதம் முன்வெளியீடாக வந்து 2024 மார்ச்சில் முழுதாக வெளியானது. பனிப்போர் காலம், மறுபடி மர்க்காஃப், மறுபடி மூடிய கட்டடங்கள், கூட்டாக நாலு பேர் வரை விளையாடலாம். உள்ளே என்ன வேலை என்கிறீர்கள்? ஜெனரேட்டரை ஓடவிடு, சாவி தேடு, பொருளைத் தள்ளிக்கொண்டு போ, நடுவே ஒருவன் சுற்றிக்கொண்டிருப்பான். பதினொரு வருடம் முன்னால் சலிக்கிறது என்று திட்டுவாங்கிய அதே வேலை.

உங்களுக்கு என் யோசனை: வாங்குங்கள், தள்ளுபடி விலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எட்டு மணி நேரம் போல ஓடும். பழைய கேம் எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) செய்தது என்பதால் சுமாரான கம்ப்யூட்டரே போதும். நார்மலில் தொடங்குங்கள். ஒரு துரத்தலில் மூன்று முறைக்கு மேல் செத்தால் கூச்சப்படாமல் வீடியோ பார்த்து வழியைத் தெரிந்துகொண்டு தாண்டுங்கள், அல்லது ஸ்டோரி மோடுக்குப் போங்கள். ஒரே உயிரோடு ஆடும் இன்சேன் நிலையை எல்லாம் பாதை மனப்பாடம் ஆனவர்களுக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் விளையாடுவது ஹாரர் இல்லை, ஓட்டப் பயிற்சி. காகிதம் கண்டால் ஓட்டத்தை நிறுத்திப் பதிவு செய்துவிடுங்கள், பிறகு நிதானமாகப் படிக்கலாம். பள்ளிக்கூடம் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், அங்கே மெதுவாக நடங்கள்.